ஒழுகிய காரும் ஒழுக்கைத் தேடிய மனிதர்களும்

சில கிழமைகளுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்த பின்னர் தனது கார்ப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினான்.

“மாமா, மழை பெய்தால் பின்சீற்றடியில தண்ணி நிக்குது. சின்னவன்தான் கண்ணாடியைச் சரியா ஏத்தாமல் விட்டிருப்பான். நல்லா ஏசிப்போட்டன்.”

“அவன்தான் விட்டான் எண்டு என்னெண்டு தெரியும்?” என்று கேட்டேன்.

“அவன் இருக்கிற பக்கத்திலதானே தண்ணி நிக்குது” என்றான்.

இந்தப் பதில் என்னை 1967 ஆம் ஆண்டு மாரிகாலத்திற்குக் கொண்டுசென்றது. அந்த மாரியில் எங்கள் வீட்டுக் காரும் ஒழுகியது. அப்போதும் தண்ணீர் நின்ற இடத்தை வைத்தே குற்றவாளி தீர்மானிக்கப்பட்டான். அந்தக் கதையைக் கட்டுரையின் கடைசியில் சொல்கின்றேன். காருக்குள் மழை புகுவது நம் வீட்டுத் தொல்லை மாத்திரமன்று. உலகப் புகழ்பெற்ற கார் ஒன்றை உருவாக்கிய பொறியியலாளர்களையும் அது தலைகுனிய வைத்திருக்கின்றது. எனவே முதலில் அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

மரமும் துணியும்

ஆரம்பகாலக் கார்களில் மழை ஒழுகுவதைப் பற்றி எவரும் முறையிட்டதில்லை. முறையிடுவதற்குக் கூரையே இருக்கவில்லை. குதிரை வண்டியின் வழிவந்த அந்த வாகனங்களில் மடித்து விரிக்கும் துணிக்கூடாரமே இருந்தது. மழை வந்தால் வண்டியை நிறுத்தி, கூடாரத்தை இழுத்து, பக்கத் திரைகளையும் கொழுவவேண்டும். 1919 இல் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட கார்களில் பத்தில் ஒன்றளவே நிரந்தரக் கூரையும் கண்ணாடிக் கதவுகளும் கொண்டவையாக இருந்தன. 1927 இல் அது பத்தில் எட்டுக்கும் மேலாக உயர்ந்தது. காரை ஒரு நடமாடும் அறையாக மக்கள் எதிர்பார்க்கத் தொடங்கியது அந்த எட்டு ஆண்டுகளில்தான். ஒழுக்கு என்பது ஒரு குறைபாடாக மாறியதும் அப்போதுதான்.

கூரை வந்துவிட்டதே தவிர, அது முழுவதும் இரும்பால் ஆனதன்று. காரின் கூரை முழுவதையும் மூடத்தக்க அகலமான உருக்குத் தகட்டை ஒரே துண்டாக அழுத்தி வார்ப்பது அன்று இயலாத காரியம். ஆகையால் கூரையின் நடுப்பகுதியைத் திறந்துவிட்டு, அதில் மரச்சலாகைகள் பரப்பி, மேலே பஞ்சும் நீர்புகாத் துணியும் இழுத்துக் கட்டினார்கள். வெயிலில் அந்தத் துணி வெடிக்கும். ஓரங்களில் மரம் உக்கும். துணி உரியும் முன்னர் அதற்கு மேல்பூச்சுப் பூசிக் காப்பது கார்ச் சொந்தக்காரரின் பொறுப்பாக இருந்தது. நமது ஊரில் கிடுகு வேய்வது போன்ற ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1935 ஆம் ஆண்டுக் கார்களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஒரே தகட்டாலான உருக்குக் கூரையை அறிமுகப்படுத்தியது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. மரச்சட்டம் மெல்ல மெல்ல மறைந்து, தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டிய உடல் வந்தது. கூரையின் ஓரங்களில் மழைநீரை வழிநடத்தப் பீலிகள் வைக்கப்பட்டன.

இதனால் ஒழுக்கு நின்றுவிட்டதா? இல்லை. அது இடம் மாறியது. முன்பு துணி கிழிந்த இடத்தில் நேராகச் சொட்டிய தண்ணீர், இப்போது இரண்டு தகடுகள் சந்திக்கும் பொருத்துகளினூடாக நுழைந்து, கண்ணுக்குத் தெரியாத உட்கூடுகளில் ஓடி, எங்கோ ஓரிடத்தில் வெளிப்படலாயிற்று. துணிக்கூரைக் காலத்தில் ஒழுக்கைக் கண்டுபிடிக்க அண்ணாந்து பார்த்தாலே போதும். உருக்கு உடல் வந்த பின்னர் அதைத் துப்புத் துலக்க வேண்டியதாயிற்று.

சூயஸ் தந்த சின்னக் கார்

1956 ஜூலை 26 ஆம் திகதி எகிப்திய ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தைத் தேசியமயமாக்கினார். ஆண்டின் இறுதியில் மூண்ட போரினால் கால்வாய் மூடப்பட்டது. பிரித்தானியாவில் டிசெம்பர் மாதம் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. ஜேர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவச் சிறு கார்கள் இலண்டன் வீதிகளில் பெருகத் தொடங்கின. பிரித்தானிய மோட்டோர் கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்த லெனார்ட் லோர்ட்டுக்கு அவற்றைக் கண்ணில் காட்டக்கூடாது. அவற்றை வீதியிலிருந்து விரட்டத்தக்க, நால்வர் வசதியாக அமரக்கூடிய உண்மையான சிறிய கார் ஒன்றை உருவாக்குமாறு 1957 இல் அலெக் இசிகோனிஸிடம் கேட்டுக்கொண்டார்.

இசிகோனிஸ் 1906 இல் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1922 இல் போரினால் அந்த நகரை விட்டு அகதியாக வெளியேறி, மோல்ற்றா வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். வழியில் தந்தையை இழந்தவர். கல்லூரியில் கணிதத்தில் மூன்று தடவை சித்தியடையத் தவறியவர். இலங்கையில் எவருக்கும் அறிமுகம் தேவைப்படாத மொறிஸ் மைனர் அவருடைய கைவண்ணமே. 1948 இல் வெளிவந்த அந்தக் கார் இன்றும் நமது வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றது.

இம்முறை அவர் செய்தது இன்னும் துணிகரமானது. இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, அதன் அடியிலேயே கியர்ப்பெட்டியை அமைத்து, பத்து அங்குலச் சில்லுகளைப் பூட்டி, ஏறத்தாழப் பத்து அடி நீளத்திற்குள் நால்வருக்கு இடம் கண்டார். தகடுகளைப் பொருத்தும் விளிம்புகளை உள்ளே மறைக்காமல் வெளியிலேயே தெரியவிட்டார். கட்டுவதற்கு எளிது, செலவும் குறைவு. அதுவே ‘மினி’.

முதலில் உருவாக்கிய கார்களை ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகேயுள்ள சால்குரோவ் விமானத்தளத்தில் இரவு பகலாக ஓட்டிச் சோதித்தார்கள். 1958 இல் அதை ஓட்டிப் பார்த்த லோர்ட், ஓராண்டுக்குள் தயாரிப்பைத் தொடங்குமாறு பணித்தார். அத்தனை புதுமைகளைக் கொண்ட காருக்கு ஓராண்டு என்பது மிகக் குறுகிய காலம். ஆயினும் 1959 ஓகஸ்ட் 26 ஆம் திகதி மினி உலகிற்கு அறிமுகமானது. வரி உட்பட விலை 497 பவுணுக்குச் சற்றுக் குறைவு. பத்திரிகைகள் புகழ்ந்தன.

மழை வந்தது

இங்கேதான் வானிலை ஒரு வேடிக்கை காட்டியது. 1959 ஆம் ஆண்டுக் கோடைகாலம் பிரித்தானியா கண்ட மிக வரண்ட கோடைகளில் ஒன்று. மே மாதம் தொடக்கம் ஒக்ரோபர் ஆரம்பம் வரை நாட்டின் பல பகுதிகளில் மழையே அரிதாக இருந்தது. புதிய கார்கள் வெயிலில் பிறந்து, வெயிலில் விற்பனையாகி, வெயிலில் ஓடின.

இலையுதிர்காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர்களின் முறைப்பாடுகளும் வந்து குவிந்தன. காலடி விரிப்புகள் ஊறிக் கிடந்தன. ஒவ்வொரு மினியுடனும் ஒரு சோடி மழைச் சப்பாத்தும் கொடுக்கவேண்டும் என்று ஊரே கேலி பேசியது.

ஒழுக்கு எங்கே என்பது இலகுவில் அகப்படவில்லை. தரை நனைந்தால் கதவு றப்பரைச் சந்தேகிப்பது எவருக்கும் இயல்பு. அடுத்தது முன்கண்ணாடியின் றப்பர். ஆனால் இறுதியில் அகப்பட்ட குற்றவாளி மேலே இருக்கவில்லை. காலுக்கு அடியிலேயே இருந்தான். தரைத்தகடும், பாதம் வைக்கும் சரிவான முன்தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருந்தும் இடத்தில், எது மேலே எது கீழே என்பது மாறிப்போயிருந்தது.

கிடுகு வேய்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூரை வேய்பவர் கீழ் வரிசையில் தொடங்கி, அதன்மேல் அடுத்த வரிசை ஏறிநிற்கும்படி மேலே போவார். அப்போது மேலிருந்து வரும் தண்ணீர் பொருத்தைத் தாண்டி வழிந்துவிடும். வரிசையை மாற்றி வேய்ந்தால் ஒவ்வொரு பொருத்தும் தண்ணீரை வாய்திறந்து வாங்கும். காரின் அடித்தளத்திற்கு மழை மேலிருந்து வருவதில்லை. கார் முன்னோக்கி ஓடுவதனால், வீதித் தண்ணீர் முன்னிருந்தே வந்து மோதுகின்றது. ஆகவே பொருத்தின் வாய் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மினியில் அது முன்பக்கம் பார்த்திருந்தது. கார் வேகமாக ஓட ஓட, தண்ணீரை அகப்பையால் அள்ளுவது போல உள்ளே அள்ளிக்கொண்டது.

நிறுத்திவைத்த கார் ஒன்றின்மீது எவ்வளவு தண்ணீரை ஊற்றினாலும் இந்தக் குறை வெளிப்படாது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஓடினால்தான் ஒழுகும். அதுவும் நனைந்த வீதியில் ஓடினால்தான் ஒழுகும். கோடையில் சோதித்தவர்களுக்கு அது எப்படித் தெரியவரும்?

ஏற்கெனவே தயாரான கார்களின் பொருத்துகளுக்கு அடைப்புப் பொருள் பூசினார்கள். தரையின் இருபுறமும் உள்ள கூடான சட்டங்களுக்குள் நுரைப்பொருளைச் செலுத்தினார்கள். பின்னர் தகட்டின் பொருத்தையே மாற்றியமைத்தார்கள்.

மழை தந்த தொல்லை இதோடு முடியவில்லை. தயாரிப்புக்கு முன்னர் இயந்திரத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்திருந்தனர். கார்புரேற்றரில் பனி உறைவதைத் தவிர்க்கச் செய்த மாற்றம் அது. அதன் பயனாக, நம் மெக்கானிக்குகள் டிஸ்ரிபியூட்டர் என்று சொல்லும் மின்பொறிப் பகுதி முன் சல்லடைக்கு நேர் பின்னே வந்து நின்றது. கனமழையில் ஓடும்போது சல்லடையினூடாகத் தண்ணீர் தெறித்து அதை நனைக்க, கார் நடுவீதியில் நின்றுவிடும். பாத்திரம் கழுவும் றப்பர்க் கையுறையை அதன்மேல் மாட்டி, விரல்களின் வழியே வயர்களை இழுத்துவிட்டு ஓடிய சொந்தக்காரர்கள் பலர்.

இத்தனைக்குப் பின்னரும் மினி தோற்றுப்போகவில்லை. 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மொன்ரே கார்லோ கார் ஓட்டப் போட்டியில் வென்றது. 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தயாரிப்பு நிறுத்தப்படும்வரை 53 இலட்சத்திற்கும் அதிகமான மினிகள் வெளிவந்தன. இசிகோனிஸ் 1969 இல் சேர் பட்டம் பெற்றார். முன்பின்னாகப் பொருந்திய ஒரு தகட்டு விளிம்பு மனிதரின் ஆற்றலைக் குறைத்துவிடாது. ஆனால் அவசரத்தில் எடுத்த ஒரு முடிவை முதல் மழை தேடிக் கண்டுபிடித்துவிடும் என்பதும் உண்மையே.

தண்ணீர் நிற்கும் இடமும் வரும் இடமும்

இன்றைய கார்களில் இந்தத் தேடல் இன்னும் சிக்கலானது. முதலில் அது மழைத்தண்ணீர்தானா என்று நிச்சயிக்க வேண்டும். குளிரூட்டியின் வடிகுழாய் அடைபட்டாலும் தரை நனையும். அது மழையில்லாத நாளிலும் நடக்கும். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம்.

மழைத்தண்ணீர்தான் என்றால் சந்தேகத்திற்குரிய இடங்கள் பல. முன்கண்ணாடிக்குக் கீழே சருகு சேர்ந்து வடிகால் அடைபடும். கூரைக் கண்ணாடி உள்ள கார்களில் அதன் நான்கு மூலைகளிலிருந்தும் தூண்களுக்குள்ளால் இறங்கும் மெல்லிய குழாய்கள் தூர்ந்துபோகும். கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாள், ஒருமுறை கழற்றிப் பூட்டிய பின்னர் சரியாக ஒட்டாமல் விடும். பின்விளக்கின் றப்பர் காய்ந்து வெடிக்கும்.

கண்டுபிடிக்கும் முறை மாத்திரம் பழையதுதான். விரிப்புகளைக் கழற்றி, தரையை நன்றாகக் காயவைத்து, ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க, மற்றவர் வெளியே மெல்லிய தண்ணீரைக் கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டுபோக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லாப் பொருத்துகளும் ஒன்றாக நனையும். எது குற்றவாளி என்று சொல்லமுடியாது. அவசரப்படலாகாது. இதைச் சரிசெய்யாமல் விடவும் கூடாது. பல கார்களில் மின்னணுப் பெட்டிகள் விரிப்புக்குக் கீழேயே இருக்கின்றன. ஊறிய பஞ்சுக்கு அடியில் தகடு துருப்பிடிப்பதும் வெளியே தெரியாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. புதியது வாங்கமுடியாத ஆண்டுகளில், உள்ளதைத் துருவுக்குக் கொடுக்காமல் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இங்குள்ளவர்கள் நன்கறிவர்.

எங்கள் வீட்டுக் கார்

1967 இலும் நிலைமை அதுவே. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். தலைமையாசிரியராக இருந்த ஐயா, பல ஆண்டுச் சேமிப்பில் ஒரு பழைய பிரித்தானியக் காரை வாங்கினார். எங்கள் கைக்கு வரும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் எடுபிடி வேலைக்கு நின்ற சிறுவன் ஒருவன்தான் அதைக் கழுவித் துடைப்பவன். எனக்கும் அவனுக்கும் ஒத்த வயது. கார் என்றால் அவனுக்கு உயிர்.

கார்த்திகை மழையில் பின்னிருக்கையின் காலடி நனைந்தது. துடைத்துக் காயவைத்தால் அடுத்த மழைக்கு மீண்டும் நனைந்தது. கண்ணாடியை ஏற்றாமல் விடுகின்றான் என்று ஐயா அவனைக் கண்டித்தார். அவன் இல்லை என்றான். மூன்றாம் முறை அம்மாவின் கூறைச்சேலை வைத்திருந்த பை நனைந்துவிட்டது. பொய் சொல்கின்றாய் என்று ஐயா கையை ஓங்கிவிட்டார். அன்று மாலையே அவன் தனது உடுப்புப் பொட்டலத்துடன் போய்விட்டான். கண்ணாடி ஏற்றியிருந்ததை நான் கண்டிருந்தேன். ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

அவன் போன பின்னரும் கார் நனைந்தது.

அதன் பிறகுதான் ஐயா பட்டணத்திலிருந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். அவர் விரிப்புகளைக் கழற்றி, காய்ந்த தரையிலே சோக்குத் தூளைத் தூவினார். என்னை உள்ளே இருத்தி, கையில் ரோச் லைற்றைத் தந்துவிட்டு, வெளியே வாளியும் பேணியுமாக நின்றார். பின்கதவில் ஊற்றினார். ஒன்றுமில்லை. பின்கண்ணாடியில் ஊற்றினார். ஒன்றுமில்லை. ஐயா பொறுமையிழந்து, “தண்ணி பின்னாலதானே நிக்குது, ஏன் முன்னுக்குப் போறீர்?” என்று கேட்டார்.

“மாஸ்டர், தண்ணி நிக்கிற இடத்தை விடுங்கோ. அது வாற இடத்தைப் பிடிப்பம்” என்றார் அவர்.

முன்கண்ணாடியின் கீழ் மூலையில் ஊற்றியபோது, சோக்குத் தூளில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. றப்பர் காய்ந்து சுருங்கிய இடத்தினூடாகப் புகுந்த தண்ணீர், வயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முன் தரையில் தங்காமல் பின்னோக்கி ஓடியது. எங்கள் கார் நிற்கும் இடம் முன்பக்கம் சற்று உயர்ந்த சரிவு. எனவே எங்கு புகுந்தாலும் தண்ணீர் பின்னால்தான் போய் நிற்கும். ஒரு முழத்திற்கும் குறைவான றப்பர்த் துண்டோடு வேலை முடிந்தது.

ஐயா அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போனார். அவன் அதற்குள் வன்னியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டதாகத் தாய் சொன்னாராம். ஐயா அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் மாரி பிறந்தால் முன்கண்ணாடி றப்பரைத் தாமே தடவிப் பார்ப்பார். அவனை நான் பின்னர் ஒருபோதும் காணவில்லை.

பத்திரிகைத் தொழிலில் கழிந்த ஆண்டுகளில், ஒரு குற்றச்சாட்டு மேசைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சோக்குத் தூள் என் நினைவுக்கு வந்ததுண்டு. எல்லா நேரமும் அதன்படி நடந்தேன் என்று சொல்லமாட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மருமகன் மீண்டும் அழைத்தான். கூரைக் கண்ணாடியின் பின்பக்க வடிகுழாய் ஒன்றை மேப்பிள் சருகு அடைத்திருந்ததாம்.

“சின்னவனிட்டைச் சொன்னியோ?” என்று கேட்டேன்.

“அவன்தான் மாமா ரோச் லைற் பிடிச்சவன்” என்றான்.

“அது சரி. ஏசினது பிழை எண்டு சொன்னியோ?”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது.